கியூபெக்குக்குக் கொண்டுபோன கேள்வி

போன கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நானும் என் தங்கையும் கனடாவுக்குப் போய் வந்தோம். மான்ட்ரியலில் வேலை பார்க்கும் அவள் மகன் டிக்கெட் அனுப்பியிருந்தான். பனி பார்க்கப் போகிறோம் என்று ஆம்பூரில் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டோம். தங்கைக்குப் பனி ஒரு சாக்கு. மகனை நேருக்கு நேர் உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்பதற்காகத்தான் அவள் அவ்வளவு தூரம் கிளம்பினாள். அப்பாவைக் குழியில் இறக்கி எல்லாரும் மண் போடுகிற நேரத்தில் ஏன் போனை வைத்தாய் என்பதுதான் அந்தக் கேள்வி. இரண்டு வருஷமாக அதை நெஞ்சில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. எனக்குப் பொறுமை கம்மி. கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவேன், பதில் வரும்வரை எதிரில் நிற்பவரை விடமாட்டேன். தங்கை அதற்கு நேர்மாறு. ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் தலை நிமிராமல் உட்கார்ந்து பழகியவள். சூப்பர்வைசர் கத்தினாலும் சரி, பக்கத்து மெஷின்காரி வம்புக்கு இழுத்தாலும் சரி, வாயைத் திறக்கமாட்டாள். எங்கள் இருவருக்கும் ஒரே சந்தில்தான் வீடு. நான் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. அதனால் அவள் மகன் எனக்கும் மகன்தான். அவன் படித்ததும், என்னிடம் அடி வாங்கியதும், பாதி நாள் சாப்பிட்டதும் என் வீட்டில்.

தங்கையின் கணவர் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்தார். ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மகனுக்குச் சொன்னோம். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்றான். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுக் கிளம்பினாலும் டிக்கெட் கிடைத்து வந்து சேர மூன்று நாள் ஆகும். அவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டாம் என்று இறந்தவரின் அண்ணன், எங்கள் பையனுக்குப் பெரியப்பா, முடிவு செய்தார். அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். மறுநாள் சாயங்காலம் எடுத்துவிட்டோம்.

அந்த இரண்டு நாளும் மகன் வீடியோ காலில்தான் இருந்தான். ஐஸ் பெட்டி பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, அதில் போனைச் சாய்த்து வைத்திருந்தோம். வந்தவர்கள் பெட்டியைப் பார்த்து அழுதுவிட்டு, நாற்காலிப் பக்கம் திரும்பி அவனிடமும் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். எங்கள் சபையில் பெண்களும் கல்லறைத் தோட்டம் வரைக்கும் போவோம். அங்கே பெரியப்பாவின் மகன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு குழி ஓரமாக நின்றான். எங்களுக்குச் சாயங்காலம், அவனுக்கு இன்னும் விடியாத நேரம். முகம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. நம்மூர் வெயில் சாயங்காலத்திலும் போனில் எதையும் பார்க்க விடாது.

பெட்டியை இறக்கினார்கள். போதகர் ஜெபம் செய்துவிட்டு முதல் பிடி மண்ணைப் போட்டார். அடுத்தது பிள்ளை போட வேண்டிய மண். அந்தச் சமயம் பார்த்து, போன் வைத்திருந்தவன், "வெச்சிட்டான்" என்றான். மெல்லச் சொல்லியிருக்கலாம். சுற்றி நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. திரும்பப் போட்டுப் பார்த்தான். "ஸ்விட்ச் ஆஃப்னு வருது" என்று அதையும் சத்தமாகவே சொன்னான்.

அதற்குப் பிறகு ஊர் வாயை யார் மூட முடியும்? அழுகை தாங்காமல் வைத்திருப்பான் என்றார்கள் நல்லவர்கள். வேலைக்கு நேரமாகியிருக்கும் என்றார்கள் மற்றவர்கள். டாலர் பார்த்த கண்ணுக்கு மண் தெரியுமா என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அவளை நான் விட்டு வைக்கவில்லை, அது வேறு கதை. அன்று ராத்திரி மகன் போன் செய்தபோது பெரியப்பாதான் எடுத்தார். கெட்ட வார்த்தை தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னார். அப்புறம் போனை என் தங்கையிடம் நீட்டினார். அவள் வாங்கிக் காதில் வைத்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு வருஷமும் அந்த ஒரு கேள்வியிலேயே ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டியா, என்ன குழம்பு, அங்கே குளிரா, இங்கே வெயிலா. அப்பா என்ற சொல்லே அவர்கள் பேச்சில் வராது. போன வருஷம் அவனுக்கு நிரந்தரமாகத் தங்கும் கார்டு வந்தது. இனி எப்போது வேண்டுமானாலும் ஊருக்கு வந்து போகலாம். அவன் வரவில்லை. எங்களுக்கு டிக்கெட் அனுப்பினான். "நீ வர்றதை விட்டுட்டு எங்களை ஏன்டா கூப்பிடுறே?" என்று நான் கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் பனி பார்த்ததே இல்லையே பெரியம்மா" என்றான். எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவனுக்கு நம் ஊர் முகங்களைப் பார்க்கப் பயம் என்று புரிந்தது. செய்யக்கூடாததைச் செய்தவனுக்குத்தானே பயம் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

மான்ட்ரியலில் ஒரு வாரம் அவன் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தோம். ஆறாவது மாடி. வெளியே குளிர் ஜாஸ்தி, நான் இல்லாமல் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விடுவான். தங்கை சமைப்பாள். நான் ஜன்னலில் நின்று கீழே நடப்பவர்களைப் பார்ப்பேன். சாயங்காலம் அவன் வருவான், சாப்பிடுவான், தட்டைக் கழுவி வைப்பான். எதிரெதிரே உட்கார்ந்திருந்தும் அவள் கேட்கவில்லை.

"கேளுடி," என்றேன் நான்.

"கேக்குறேன்க்கா. வந்ததும் வராததுமா எப்படி?"

"வந்து ஒரு வாரமாச்சு. வந்ததும் வராததுமாம்."

விடுமுறை தொடங்கியதும் கியூபெக் நகரத்துக்குப் போகலாம் என்றான். இரண்டு இரவு தங்கி வரலாம். ரொம்பப் பழைய ஊர், கோட்டைச் சுவர் இன்னும் இருக்கிறது, எல்லாரும் பிரெஞ்சுதான் பேசுவார்கள் என்று ஆசையாகச் சொன்னான். அங்கே வைத்துக் கேட்டுவிடுகிறேன் என்று தங்கை என்னிடம் சொன்னாள். ஊர் திரும்ப அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. கேட்காமல் திரும்பினால் இனி சாகும்வரை சாப்பிட்டியா மட்டும்தான் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

ரயிலில் போனோம். வழியெல்லாம் வயல்கள் வெள்ளையாகக் கிடந்தன. டேனரியில் பதனிடாத பச்சைத் தோல் மேல் உப்பைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்றாள் தங்கை. மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் வேண்டுமென்றே சொன்னாளா, வாய் தவறி வந்ததா, எனக்குத் தெரியாது.

அந்த ஊர் அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். வேலூர்க் கோட்டைக்குள் கோயில் உண்டு, சர்ச் உண்டு, ஆபீஸ் உண்டு. குடும்பம் நடத்துகிற வீடு கிடையாது. இங்கே கோட்டைச் சுவருக்குள்ளேயே ஜனங்கள் குடியிருக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள், நாய் வளர்க்கிறார்கள். வேலூர் லாங் பஜார் கடைத்தெரு மாதிரி குறுகலான சந்துகள். ஆனால் ஒரு ஹாரன் சத்தம் இல்லை. கல் வீடுகளின் கூரையிலிருந்து பனி கட்டிகட்டியாகத் தொங்கியது. குதிரை வண்டி ஒன்று எங்களைக் கடந்து போனது. குதிரையின் மூக்கிலிருந்து புகையாக வந்தது. வண்டிக்காரர் தொப்பியைத் தொட்டு எங்களுக்கு என்னவோ சொன்னார். மகன் சிரித்துக்கொண்டே அவர் பாஷையில் பதில் சொன்னான்.

தங்கிய இடத்திலும் அப்படித்தான். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாளிடம் அவன் மளமளவென்று பிரெஞ்சில் பேசினான். தோளைக் குலுக்கினான், கையை விரித்தான். அந்தக் கையசைவு எதுவும் நம் ஊரில் கற்றது கிடையாது. தங்கை அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பெருமையும் இருந்தது, கூடவே வேறு ஒன்றும் இருந்தது. அறைக்கு வந்த பிறகு, "வேற யாரோ மாதிரி இருக்கான்க்கா" என்றாள். பிறகு தன் பூட்ஸைக் கழற்றி ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தாள். தெருவில் பனி உருக உப்புத் தூவுகிறார்கள். அது பூட்ஸில் ஏறி வெள்ளை வெள்ளையாகக் கோடு போடும். அந்த ஊரில் எல்லார் காலிலும் அதே கோடுதான், யாரும் கண்டுகொள்வதில்லை. இவளுக்கு மட்டும் மனசு கேட்காது. தோலில் உப்புப் பூத்திருந்தால் கம்பெனியில் ரிஜெக்ட். என்னுடையதையும் பிடுங்கித் துடைத்து வைத்தாள்.

அன்று சாயங்காலம் சூப் குடிக்கப் போன இடத்தில் நானே ஆரம்பித்தேன். "ஏன்டா, அன்னிக்கு உங்கப்பா..." என்று இழுப்பதற்குள் மேஜைக்கு அடியில் தங்கை என் தொடையைக் கிள்ளினாள். அத்தனை கனமான கோட்டுக்கு மேல் கிள்ளியும் வலித்தது. மகன் ஸ்பூனைக் கீழே வைத்தான். அவன் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். உடனே சுவரில் இருந்த ஒரு பழைய படத்தைக் காட்டி, பிரெஞ்சுக்காரர்களும் இங்கிலீஷ்காரர்களும் இந்த ஊருக்காக அடித்துக்கொண்ட சண்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். நிறுத்தவே இல்லை. வகுப்பில் பதில் தெரியாத பையன்கள் இப்படித்தான் வேறு எதையாவது ஒப்பிப்பார்கள். முப்பது வருஷம் இதைப் பார்த்தவள் நான். சூப்பைக் குடித்து முடித்தேன்.

மறுநாள் காலை ஒரு பழைய சர்ச்சுக்குக் கூட்டிப்போனான். வாசலில் நின்றதும் தங்கை குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். ஊரில் எங்கள் சர்ச்சுக்குள் செருப்போடு போகமாட்டோம். "இங்க யாரும் கழட்ட மாட்டாங்கம்மா, தரை ஜில்லுனு இருக்கும்" என்றான் மகன். அவள் கேட்கவில்லை. இரண்டு பூட்ஸையும் சுவர் ஓரம் ஜோடியாக வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடு கல் தரையில் நடந்து உள்ளே போனாள். அவள் கழற்றினால் நான் எப்படிப் போட்டுக்கொண்டு போவது? நானும் கழற்றினேன். பின்னால் திரும்பிப் பார்த்தால், மகனும் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று கழற்றிக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவன் எனக்குப் பழைய பையனாகத் தெரிந்தான்.

தங்கை முழங்கால் போட்டு ரொம்ப நேரம் ஜெபம் செய்தாள். வெளியே வந்ததும், "இன்னா கேட்டே?" என்றேன். "வாய் தெறக்கத் தைரியம் குடுன்னு கேட்டேன்" என்றாள். எனக்குக் கோபம் போய்விட்டது. பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கக் கடவுளிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறதே என்று கண்ணில் நீர் வந்தது. அந்தக் குளிரில் கண்ணீர் விடுவதும் ஒரு பேஜார், இமையில் அப்படியே உறைகிறது.

அங்கிருந்து ஆற்றைப் பார்க்கப் போனோம். ஊருக்கு மேலே மலை விளிம்பில் அகலமாகப் பலகை பாவிய நடைமேடை போட்டிருக்கிறார்கள். கீழே பெரிய ஆறு. எங்கள் பாலாற்றில் மணல்தான் உண்டு, தண்ணீர் அபூர்வம். இந்த ஆற்றில் தண்ணீருக்கு மேல் பனிப்பாளங்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன. அவற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு படகு அக்கரைக்குப் போனது. காற்று அடித்தது பாருங்கள், கன்னத்தில் அறைந்த மாதிரி. நாங்கள் வந்ததிலேயே அன்றுதான் குளிர் அதிகம் என்று மகன் சொன்னான். என் பல் தானாக அடித்துக்கொண்டது.

தங்கை கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றையே பார்த்தாள். மகன் இரண்டு எட்டு தள்ளி நின்றான். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற ஒரு போட்டோ என்னிடம் இல்லை என்று தோன்றியது. தங்கையின் போனை வாங்கினேன்.

"கிட்ட நில்லுடா. அவ உன்னைக் கடிச்சிடமாட்டா."

அவன் பக்கத்தில் வந்து அம்மாவின் தோளில் கை போட்டான். அவள் கூச்சத்தோடு அவன் மேல் சாய்ந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு விரலை வைத்தேன். ஒரு படம் எடுத்தேன். இரண்டாவது எடுக்கப் போனபோது திரை கறுத்துவிட்டது. பக்கத்துப் பொத்தானை அமுக்கினேன், தட்டினேன், ஊதினேன். ஒன்றும் இல்லை.

"ஐயோ, கெடுத்துட்டேன்டி. காலையிலதான் சார்ஜ் போட்டேன், முழுசா இருந்துச்சே."

"கெடல பெரியம்மா," என்றான் மகன். "குளிருக்கு அப்படித்தான் ஆஃப் ஆயிடும். சார்ஜ் இருந்தாலும் ஆயிடும். உள்ள போய்க் கொஞ்ச நேரம் வெச்சா தானா..."

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டான். தங்கை அவன் கையிலிருந்து விலகி நிமிர்ந்தாள். என் கையில் இருந்த போனை வாங்கினாள். கறுப்புத் திரையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"குளிருக்குப் போனு நின்னுடுமா?"

"ம்."

"நாம வெக்காமலே?"

"ஆமாம்மா."

எங்கள் ஊரில் யாருக்கு இது தெரியும்? வேலூர் வெயிலில் போன் அடுப்புக்கல் மாதிரி சூடாகி நின்றுபோவதைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். ஐஸ் பெட்டியைத் தவிர வேறு குளிர் பார்க்காத ஜனங்கள்.

"அன்னிக்கு நீ வெளியவா நின்னே?" என்று கேட்டாள் தங்கை.

இரண்டு வருஷமாக அவள் சுமந்துவந்த கேள்வி அது கிடையாது. ஆனால் அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மகன் தலையை மட்டும் ஆட்டினான். அவனைப் பேசவிடாமல் நான் இருவரையும் இழுத்துக்கொண்டு எதிரில் இருந்த காபிக் கடைக்குள் போனேன். அந்தக் காற்றில் நின்று பேசுகிற பேச்சா அது?

கடைக்குள் சூடாக இருந்தது. மூலையில் ஒரு சின்ன மேஜை. மகன் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். தங்கை அவன் எதிரில் உட்கார்ந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சிறுபிள்ளை கை சில்லிட்டால் தேய்ப்பது போலத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"பெட்டிய எறக்கிட்டு ஜெபம் ஆரம்பிச்சாங்க," என்றான். "அடுத்தது மண்ணு போடுறதுதான். எனக்கு என் கையில ஒண்ணுமே இல்லன்னு தோணிச்சு. வீட்டுல ஏது மண்ணு? போனைப் புடிச்சிக்கிட்டே கீழ ஓடினேன். வாசல்ல செடிக்குன்னு விட்டிருந்த எடம் இருக்கு. அங்க எடுத்துக்கலாம், நீங்க போடும்போது நானும் கையில வெச்சிக்கலாம்னு பார்த்தேன். பனி முட்டி வரைக்கும் இருந்துச்சு. அதைத் தள்ளிட்டுத் தோண்டினேன். சிமெண்ட்டு மாதிரி இருந்துச்சும்மா. நகத்தால கூட ஒண்ணும் வரல. சாவியால குத்திப் பார்த்தேன். போனைப் பார்த்தா கறுப்பா இருக்கு."

"மண்ணு கெடைக்கவே இல்லியா?"

"இல்லம்மா."

தங்கை அவன் விரல்களைத் திருப்பி நகங்களைப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய காயம் நகத்திலா இருக்கும்? இருந்தாலும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதைச் சொல்றதுக்கு இன்னாடா?" என்றேன் நான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். "ரெண்டு வருஷம் வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

"பெரியப்பா கிட்ட அன்னிக்கே சொன்னேன் பெரியம்மா. குளிருல போன் ஆஃப் ஆயிடுச்சு பெரியப்பான்னு சொன்னேன். கதை விடாதடான்னாரு. அப்புறம் அம்மா வாங்கி சாப்பிட்டியான்னு கேட்டுச்சு. அம்மாவும் நம்பலன்னு நெனச்சிட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றது?"

"எங்கிட்ட யாரும் சொல்லலடா," என்றாள் தங்கை. "நீ வெச்சிட்டேன்னுதான் சொன்னாங்க. நான் நம்பிட்டேன். நான் பெத்த புள்ளைய நானே நம்பல."

அவள் அழவில்லை. அவன்தான் அழுதான். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தம் வராமல் அழுதான். காபி கொண்டுவந்த பெண் கோப்பைகளை வைத்துவிட்டு, கூடவே கொஞ்சம் காகிதக் கைத்துண்டுகளையும் வைத்துவிட்டுப் போனாள். நானும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அப்பா செத்ததற்கு அந்தப் பையன் யார் முன்னாலும் அழுது நான் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கப்புறம் இன்னா ஆச்சும்மா?" என்று கேட்டான்.

எங்கள் இருவருக்கும் முதலில் புரியவில்லை. போன் நின்ற பிறகு கல்லறைத் தோட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்கிறான். முதல் பிடி மண்ணோடு அவனுக்கு எல்லாம் கறுத்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு நடந்ததை அவனுக்கு யாருமே சொல்லவில்லை. நாங்கள் அவன் மேல் கோபத்தில் இருந்தோம். அவனுக்குக் கேட்கப் பயம். தன் அப்பாவை எப்படி மூடினார்கள் என்று தெரியாமலே இரண்டு வருஷம் இருந்திருக்கிறான். இது என் மண்டையில் ஏறவே கொஞ்ச நேரம் ஆனது. ஏறியதும், ஊரில் இருந்த அத்தனை பேரையும், என்னையும் சேர்த்து, பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

தங்கை சொல்ல ஆரம்பித்தாள். அவள் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. பெரியப்பா போட்டார், அப்புறம் அத்தைகள் போட்டார்கள். டேனரியிலிருந்து ஆட்கள் ஷிப்ட் முடிந்து, முழங்கால் வரை போட்டிருந்த ரப்பர் கம்பூட்டைக்கூடக் கழற்றாமல் நேராக வந்தார்கள். தோட்ட வாசலில் கம்பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு வரிசையாக வந்து போட்டார்கள். அதில் ஒருவர் குழி விளிம்பில் கால் வழுக்கி விழப் பார்த்தார், இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். "அவரையும் கூட்டிக்கிட்டுப் போகப் பார்த்தாருடா உங்கப்பா, தனியா போக மாட்டாரே" என்றாள். மகன் அழுதுகொண்டே சிரித்தான். பாட்டு பாடினார்கள். பாதியில் பாடகர் குழுப் பெண்ணுக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று நான் சொன்னேன். பாதியில் இல்லை, முதல் அடியிலேயே என்று தங்கை திருத்தினாள். மண் வெட்டுகிறவர்கள் மீதியைத் தள்ளி, மேடு போட்டு, தண்ணீர் தெளித்தார்கள். மாலைகளை மேலே வைத்தோம். தலைமாட்டில் சிலுவை நட்டோம். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து குளித்தோம். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கோப்பையைத் தொடவே இல்லை, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ போட்டியாம்மா?"

"போட்டேன். என் பிடி போட்டேன்."

பிறகு அவள் அவன் கைகளை விட்டுவிட்டாள்.

"போதகர் என் காதோட மெல்ல, உன் மகன் சார்பா இன்னொரு பிடி போட்டுடும்மான்னாரு. குனிஞ்சு எடுத்தேன். கையில வெச்சிருந்தேன். அவன் மூஞ்சைக் காட்டாம போனை வெச்சிட்டான், அவனுக்கு நான் எதுக்குப் போடணும்னு கோவம் வந்துடுச்சு. போடல. காலுக்குக் கீழயே உதறிட்டேன். யாரும் பார்க்கல."

நான் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நானும் பார்க்கவில்லை. போதகர் கேட்டதும் எனக்குத் தெரியாது. அவள் அவனை நிமிர்ந்து பார்க்க முடியாமல் காபிக் கோப்பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். "உன் மண்ணு உங்கப்பாவுக்கு விழவே இல்லடா. நான்தான் விழவிடல" என்றாள். இப்போது அவளுக்கு அழுகை வந்தது.

மகன் தலையைத் திருப்பி வெளியே பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே பலகை நடைமேடையில் ஒரு குடும்பம் தொப்பிகளைப் பிடித்துக்கொண்டு நடந்து போனது. அவன் கோபித்துக்கொண்டாலும் நியாயம்தான் என்று நான் நினைத்தேன். அவன் நாற்காலியை இழுத்து அம்மா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"கல்லறை கட்டிட்டீங்களாம்மா?"

எங்கள் பக்கத்தில் ஒரு வருஷம் முடிவதற்குள் சிமெண்ட் பூசிக் கல்லறை கட்டிவிடுவார்கள். பெரியப்பா மேஸ்திரியிடம் பேசி முடித்திருந்தார். மேலே பதிக்கும் கல்கூட ஆம்பூரிலேயே சொல்லி வைத்தாகிவிட்டது. இவள்தான் அப்புறம், அப்புறம் என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். மழையில் மேடு கரைகிறது, ஆடு ஏறி மேய்கிறது, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். ஏன் என்று அவள் சொன்னதே இல்லை.

தங்கை முந்தானையை எடுக்கக் கையைக் கொண்டுபோனாள். கோட்டுக்குள் எங்கே முந்தானை? புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கட்டலடா," என்றாள். "இன்னும் மண்ணாத்தான் இருக்கு."